மழைக்கு முன் மூட வேண்டிய நஞ்சு

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மரக்காணம் உப்பளங்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். பாத்தியில் வாரிய உப்பை மேட்டில் குவித்து, மேலே பனையோலை வேய்ந்து, காற்றுக்குப் பறக்காமல் கட்டிவிடுவார்கள். இப்போது பல இடங்களில் தார்ப்பாய். ஒரு வாரம் பிந்தினாலும் அந்தப் பருவத்து உழைப்பு கரைந்து ஓடிவிடும்.

கரையும் பொருளை மழையில் போட்டுவைக்கக் கூடாது. இந்தச் சின்ன எச்சரிக்கை ராணிப்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கப்படவில்லை.

தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றது, கழிவு அங்கேயே கிடந்தது. சுமார் 2.27 லட்சம் டன் என்பது கணக்கு. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

மஞ்சள் தண்ணீர்

குரோமியத் தாதுவைச் சோடா சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்துச் சூளையில் வறுப்பார்கள். பிறகு தண்ணீர் விட்டுக் குரோமேட்டைக் கரைத்து எடுப்பார்கள். முழுவதும் வந்துவிடாது. சக்கையில் தங்கியது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாய்க் கசிந்து மண்ணுக்குள் இறங்கும். அதிலிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதியானது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை.

கழிவு சும்மா கிடக்கும் என்று நம்பவும் முடியாது. 2015 ஜனவரி 31 அன்று அதே தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிய 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

வழி தெரியாத நோயும் அல்ல இது. இரும்பு சல்பேட் கலந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறும். அதன்பின் அடித்தளம் காப்பிட்ட குழியில் அடைக்கலாம். கெட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். கிளறினால் தூசி பறக்கும், இருந்த இடத்திலேயே மூடுவது மேல் என்போரும் உண்டு. சரி, அந்த மூடலையாவது முழுமையாகச் செய்ய வேண்டும் அல்லவா?

யார் செலவு?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-ல் உறுதிப்படுத்தியது, ராணிப்பேட்டை இருக்கும் இதே பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில். பொறுப்பாளி கிடைக்காத அல்லது பணம் கட்ட முடியாத இடங்களை மத்திய, மாநில அரசுகள் சுத்தம் செய்ய 2025 ஜூலையில் விதிகளும் வந்துவிட்டன. ஆனால் போபாலில் 1984-ல் விஷவாயு கசிந்த ஆலையில் தேங்கிய 337 டன் கழிவை எரித்து முடிக்கவே 2025 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டும் அங்கே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. என் கவலையெல்லாம் அந்த மழையைப் பற்றியதே.

இதில் மரக்காணத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். பாலாற்று முகத்துவாரத்தைக் கடந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. ராணிப்பேட்டை நஞ்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தண்ணீரை வெயிலில் வற்றவைத்து, கரைந்திருப்பதைத் திரட்டுவதுதான் உப்பளத் தொழில். நல்லதும் கெட்டதும் பாத்தியில் சேர்ந்தே செறியும். அப்படிப்பட்ட கரையோரத்தில் கைவிடப்பட்ட ஒரு லாரி கழிவுகூட ஆபத்துதான்.

உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் ஆலை இருந்தால், அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: கழிவு எங்கே கிடக்கிறது, அதற்கு மேல்மூடி இருக்கிறதா, சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். பருவமழைக்கு முன் கேட்டால்தான் பலன் உண்டு.