‘வார்’ என்ற சொல்லும் அதைச் சொல்லத் தயங்கும் அரசுகளும்

ஆங்கிலத்தில் ‘வார்’ எனப்படும் சொல்லுக்குப் போர் என்று பொருள் எழுதிவிட்டு அகராதிகள் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகின்றன, அதில் பிழையில்லை. ஆனால் அச்சொல்லின் மூலப் பொருள் வேறு என்பதும், பின்னாளில் அது நாடுகளின் கடமைகளைத் தீர்மானிக்கும் சட்டச் சொல்லாக வளர்ந்தது என்பதும், படைகளை அனுப்பும் அரசுகளே அதை உச்சரிக்கத் தயங்குகின்றன என்பதும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்குவதில்லை.

சொல்லாராய்ச்சியாளர்கள் இதன் வேரை ‘வெர்ரா’ என்னும் பழைய ஜெர்மானியச் சொல்லில் காண்கிறார்கள். ஃபிராங்க்குகள் என்னும் ஜெர்மானிய இனத்தாரின் மொழியில் வழங்கிய அச்சொல்லுக்குக் குழப்பம், சிக்கல், பிணக்கு என்பனவே பொருள். இன்றைய ஜெர்மன் மொழியில் குழப்புதலைக் குறிக்கும் ‘ஃபெர்விரன்’ என்ற சொல் அதே வேரிலிருந்து கிளைத்தது. பழைய ஆங்கிலத்துக்குப் போரைக் குறிக்கத் தனக்கென்று பல சொற்கள் இருந்தன. அவற்றுள் ‘ஹில்ட்’ என்பது வழக்கொழிந்து, ஹில்டா போன்ற பெயர்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பாடுபடுதலையும் போரிடுதலையும் குறித்த ஒரு வினைச்சொல், பொருள் சற்று நகர்ந்து, இன்று வெற்றி பெறுதலைக் குறிக்கும் ‘வின்’ ஆகிவிட்டது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அவர்கள் பேசிய வட பிரெஞ்சு வழியாகப் புதிய சொல் உள்ளே வந்தது.

அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் ஆண்டுவாரியாக எழுதிவந்த வரலாற்றுக் குறிப்பேடு. 1154-ஐ ஒட்டி எழுதப்பட்ட அதன் இறுதிப் பகுதியில், 1140-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது, மன்னர் ஸ்டீஃபனுக்கும் செஸ்டர் சீமையின் பிரபு ரண்டால்ஃபுக்கும் இடையே பெரும் ‘வெர்ரே’ மூண்டதாக எழுதியவர் பதிவு செய்கிறார். இங்கே எதிரெதிரே நிற்பவை இரண்டு நாடுகள் அல்ல. ஒரே நாட்டின் அரசனும் அவனுடைய பிரபுவும். அதாவது இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததே உள்நாட்டுப் பூசலின் பெயராகத்தான். நாடுகளுக்கு இடையில் நடப்பதே முறையான போர் என்றும், மற்றவை கலகம் என்றும் பிற்காலத்தார் வகுத்த பிரிவினை இச்சொல்லின் இயல்பில் இல்லை என்பதை இந்தப் பழைய குறிப்பு தெளிவாகக் காட்டுகிறது.

ஐரோப்பாவின் தென்பகுதியிலும் இதே சொல் பரவியது. லத்தீனில் போருக்கு ‘பெல்லும்’ என்று பெயர். ஆனால் அதன் வழிவந்த பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகள் அந்தச் சொல்லைக் கைவிட்டு, ஃபிராங்க்குகளின் சொல்லையே ‘கெர்’ என்றும் ‘குவெர்ரா’ என்றும் ‘கெர்ரா’ என்றும் ஏற்றுக்கொண்டன. அழகைக் குறிக்கும் ‘பெல்லுஸ்’ என்ற சொல்லோடு ஒலியில் மயங்கியதால் ‘பெல்லும்’ மறைந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் முன்வைக்கும் விளக்கம். ஆங்கிலத்தில் கிளர்ச்சியைக் குறிக்கும் ‘ரிபெல்லியன்’ என்ற சொல்லுக்குள் அந்த லத்தீன் வேர் இன்றும் இருக்கிறது; மீண்டும் போர் தொடுத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். 1808-இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினை ஆக்கிரமித்தபோது, சிறு சிறு குழுக்களாக மறைந்திருந்து தாக்கிய ஸ்பானிய மக்களின் போர்முறையால் ‘கெர்ரா’ என்பதற்குச் சிறுமை விகுதி சேர்ந்த ‘கெரில்லா’, அதாவது சிறுபோர், உலகெங்கும் அறிமுகமாயிற்று. தமிழ்ச் செய்தித்தாள்களில் நாள்தோறும் கண்ணில் படும் கெரில்லாவும் ஆங்கில ‘வாரு’ம் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

இதனோடு நெருங்கி வழங்கும் பிற சொற்களையும் வேறுபடுத்தி அறிவது நல்லது. ‘பேட்டில்’ என்பது ஒரு களத்தில், ஒரு காலத்தில் நடந்து முடியும் சமர். 1815-இல் நடந்த வாட்டர்லூ சமர் நெப்போலியனியப் போர்களின் ஒரு பகுதி. ‘ஃபைட்’ தெருச்சண்டைக்கும் பொருந்தும். ‘கான்ஃப்ளிக்ட்’ என்பது ஒன்றோடொன்று மோதுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரு படைகளின் மோதலையும், ஒரே மனத்துக்குள் இரு எண்ணங்கள் முட்டிக்கொள்வதையும், நீதிபதி ஒருவரின் சொந்த நலன் அவருடைய கடமைக்குக் குறுக்கே வருவதையும் அது ஒருங்கே குறிக்கும்.

இந்தக் கடைசிச் சொல்லே பன்னாட்டுச் சட்டத்தில் ‘வாரி’ன் இடத்தைப் பிடித்தது. 1907-இல் ஹேக் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை ஒன்று, காரணம் கூறும் போர்ப் பிரகடனமோ இறுதி எச்சரிக்கையோ இல்லாமல் போரைத் தொடங்கக் கூடாது என்றது. அந்த விதியை மதிப்பதற்கு மாறாக, பெயரையே தவிர்த்துவிடும் வழக்கம் வளர்ந்தது. 1937-இல் ஜப்பான் சீனாவுக்குள் பெரும்படையைச் செலுத்தியபோது அதைச் ‘சீன நிகழ்வு’ என்றே அழைத்தது. போர் என்று அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டங்கள் செயலுக்கு வந்து, போரிடும் நாடுகளுக்குத் தளவாடம் கிடைப்பது நின்றுவிடும் என்பதால் இரு தரப்புமே பிரகடனத்தைத் தவிர்த்தன. சீனா முறைப்படி போர் அறிவித்தது 1941 டிசம்பரில்தான். இதற்கிடையில், இது போரே இல்லை என்பதால் போர்க்கைதி என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என ஜப்பானியப் படைத் தலைமை தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. பிடிபட்ட சீன வீரனுக்கு அந்தப் பெயர் மறுக்கப்பட்டபோது, அப்பெயரோடு வரும் பாதுகாப்பும் மறுக்கப்பட்டது.

1949-இல் உருவான நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான இரண்டாம் பிரிவை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட போருக்கு மட்டுமன்றி, நாடுகளுக்கிடையே எழும் எந்த ஆயுத மோதலுக்கும், போர் நிலவுவதை ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டாலும், விதிகள் பொருந்தும் என்று அது கூறுகிறது; அடுத்து வரும் மூன்றாம் பிரிவு, ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுத மோதலிலும் காயம்பட்டவரையும் சரணடைந்தவரையும் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்கிறது. பெயரைத் தவிர்த்துப் பொறுப்பிலிருந்து தப்பும் வழியை ஒரு சொல்மாற்றம் அடைத்தது என்ற வகையில், இருபதாம் நூற்றாண்டின் சட்ட நடையில் இதைவிடப் பயன்பட்ட திருத்தம் அரிது.

ஆயினும் அரசுகளின் தயக்கம் நீங்கவில்லை. 1950 ஜூனில் கொரியாவில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது, இதை ஐக்கிய நாடுகளின் காவல் நடவடிக்கை எனலாமா என்று செய்தியாளர் ஒருவர் கேட்க, அதிபர் ட்ரூமன் ஆம் என்றார். அந்தக் ‘காவல் நடவடிக்கை’யில் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள், கொரியர்களின் உயிரிழப்போ பல இலட்சம். 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் போரிட்ட பிரான்ஸ், அதைச் சட்டப்படி வட ஆப்பிரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள் என்றே குறிப்பிட்டுவந்தது. இதன் விளைவை அனுபவித்தவர்களுள் அங்கே அனுப்பப்பட்ட பிரெஞ்சு இளைஞர்களும் அடங்குவர்: முன்னாள் போர்வீரர் என்ற சட்டத் தகுதி அவர்களுக்கு 1974-இல்தான் கிடைத்தது, ‘கெர்’ என்ற சொல் சட்டத்தில் ஏறியது 1999 அக்டோபரில். 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் படையெடுத்த ரஷ்யா அதற்குச் ‘சிறப்பு இராணுவ நடவடிக்கை’ என்று பெயரிட்டு, அடுத்த மாதமே படைகளைப் பற்றிய ‘பொய்ச் செய்தி’க்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது.

உண்மையான போருக்கு மறுக்கப்படும் இதே பெயர் வேறிடங்களில் தாராளமாக வழங்கப்படுவது கவனிக்கத்தக்கது. 1964-இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் வறுமையின் மீது ‘வார்’ தொடுத்தார். 1971-இல் அதிபர் நிக்சன் காலத்தில் புற்றுநோய் மீதும் போதைப்பொருள் மீதும் அது தொடுக்கப்பட்டது. வறுமை சரணடைவதில்லை, நோய் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதில்லை. ஆகவே இத்தகைய ‘போர்’களுக்கு முடிவு நாள் என்று ஒன்று வருவதில்லை. மேடைப் பேச்சில் இது உருவகமாக நின்றுவிட்டால் பெரிய தீங்கில்லை. 2001-இல் பயங்கரவாதத்தின் மீது அறிவிக்கப்பட்ட ‘வார்’ அவ்வாறு நிற்கவில்லை. அந்தப் பெயரின் கீழ் பிடிக்கப்பட்டவர்கள் குற்றச்சாட்டு ஏதுமின்றி அமெரிக்காவின் குவாண்டனாமோ முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டார்கள்.

ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் அறிக்கைகளை நள்ளிரவில் தமிழாக்கம் செய்யும் உதவி ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடுகள் அன்றாடத் தேவை. மூலத்தில் ‘கான்ஃப்ளிக்ட்’ என்று இருப்பதாலேயே, மாதக்கணக்கில் ஊர்கள் குண்டுவீச்சுக்கு இரையாகும் இடத்துக்கு ‘மோதல்’ என்று எழுதினால், இரண்டு பேர் தெருமுனையில் கைகலந்ததைக் குறிக்கும் சொல்லே அங்கும் விழுகிறது. ஜெனீவா உடன்படிக்கைகளைப் பற்றி எழுதும்போது ‘ஆயுத மோதல்’ என்ற சட்டச் சொல்லை அப்படியே காப்பாற்றுங்கள். மக்கள் வீடிழந்து ஓடுவதைப் பற்றி எழுதும்போது போர் என்றே எழுதுங்கள்.