ஓடினால் மட்டும் போதாது

ஜொகூரில் டுரியான் தோப்போ கொஞ்சம் செம்பனையோ வைத்திருப்பவர்கள் வீட்டு ஸ்டோரில் பழைய செயின்சா ஒன்று பெரும்பாலும் கிடக்கும். பால் மரம் வெட்டும் குத்தகை எடுத்த பெரியப்பா விட்டுப்போன ஸ்டில் 070 ஆகவும் இருக்கலாம். நூறு சிசிக்கு மேற்பட்ட எஞ்சின். தூக்கினால் இடுப்பு பேசும். காற்றில் கிளை முறிந்து கூரையில் சாய்ந்த அன்றுதான் அதன் ஞாபகம் வரும். கயிற்றை இழுத்தால் பற்றாது. நாலு பேர் மாறி மாறி இழுப்பார்கள், யாரோ ஒருவர் கார்புரேட்டர் திருகாணியைத் திருகிப் பார்ப்பார், கடைசியில் மிஷின் மோட்டார் வண்டியில் ஏறி டவுன் கடைக்குப் போகும்.

கடையிலிருந்து திரும்பியதும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: "ஓடுதா?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: சொன்னபோது நிற்கிறதா? பணமும் விரலும் பறிபோவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை உண்டு. முதலில் சுவிட்ச். சிரிக்க வேண்டாம்; சுவிட்ச் நிறுத்தும் நிலையில் இருக்கும்போதே அரை மணி நேரம் கயிறு இழுப்பவர்கள் நிறையப் பேர். அடுத்து பெட்ரோல். நம் ஊர் வெயிலில் கலந்து வைத்த டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் ஒன்றிரண்டு மாதத்தில் கெட ஆரம்பித்துவிடும். போன டுரியான் பருவத்தில் ஊற்றியது டேங்கில் இருந்தால் கீழே கொட்டாமல் ஒரு டின்னில் வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். ஸ்டில் கம்பெனியின் கையேடு, தன் எண்ணெய் என்றால் 50-க்கு 1 என்றும், மற்ற டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் என்றால் 25-க்கு 1 என்றும் சொல்கிறது. ஐந்து லிட்டருக்கு 100 மில்லி அல்லது 200 மில்லி. கண் அளவில் ஊற்றுகிற பழக்கம்தான் பல எஞ்சின்களுக்குக் கொள்ளி வைத்தது.

பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பலமுறை இழுத்தும் அது காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து சொட்டினால் பெட்ரோல் வருகிறது; தீப்பொறி இல்லை, அல்லது இழுத்து இழுத்தே எஞ்சினை மூழ்கடித்துவிட்டீர்கள். முனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தீப்பொறி பார்க்க பிளக்கைத் தொப்பியில் சொருகி எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப்பிடித்து இழுப்பது எல்லாருக்கும் தெரியும். பிளக் கழற்றிய ஓட்டை அருகில் அதைச் செய்யக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியாது. அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். தீப்பிடித்தால் முகம்தான் பக்கத்தில் இருக்கும்.

பெட்ரோல் வராத மிஷினில் சந்தேகப்பட வேண்டியவை டேங்குக்குள் கிடக்கும் குட்டி ஃபில்டர், அதற்குப் போகும் ரப்பர் குழாய், கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வு. குழாயை வளைத்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். நல்ல சவ்வு துணி போலத் துவளும். கெட்டது விறைத்து, விரலால் அழுத்தினால் மொடமொடவென்று சத்தம் கொடுக்கும். சவ்வும் கேஸ்கெட்டும் சேர்ந்த செட்டாகவே கடையில் கிடைக்கும். முழு கார்புரேட்டரையும் மாற்றச் சொன்னால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் சைலன்சரைக் கழற்றுங்கள். அதன் சல்லடையில் கரி அடைத்திருந்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாது. அதைவிட முக்கியம், புகை வெளியேறும் துவாரம். கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டன் துவாரத்துக்கு நேரே வரும்போது டார்ச் அடியுங்கள். பக்கவாட்டுச் சுவர் மழமழவென்று இருந்தால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது. மேலும் கீழுமாகக் கீறல் கோடுகள் விழுந்து அலுமினியம் இழுபட்டிருந்தால் செலவு பெரிது. கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் கடைக்காரரோடு வாக்குவாதம் வந்தால் இந்தப் படம் பேசும்.

வெள்ளத்தில் மூழ்கிய மிஷின் தனிக் கதை. 2006 டிசம்பர் வெள்ளத்தில் கோத்தா திங்கியும் சிகாமட்டும், 2023 மார்ச் வெள்ளத்தில் யோங் பெங், பத்து பகாட் பக்கமும் பட்ட பாடு நமக்குத் தெரியும். தண்ணீர் வடிந்ததும் மிஷின் ஓடுகிறதா என்று கயிற்றை இழுக்கத்தான் கை போகும். இழுக்காதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பலமாக இழுத்தால் உள்ளே வளையும், உடையும். பிளக்கைக் கழற்றி, மிஷினைக் கவிழ்த்து வடித்து, டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்ட பிறகே மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தாமதித்தால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

இனி கடை. பழைய செயின்சாவில் கிராங்க் சீல் தேய்ந்து காற்று உள்ளே கசியும். அப்போது எஞ்சின் பற்றும். ஆனால் விசையை விட்டதும் அணைந்துவிடும். சீலை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும், நேரம் பிடிக்கும். அவசரக்காரக் கைகளுக்குக் குறுக்குவழி உண்டு: ஐடில் திருகாணியைக் கூட்டிவிட்டால் போதும். அணையாது. வாடிக்கையாளர் முன்னால் ஒரே இழுப்பில் கிளப்பிக் காட்டலாம். ஆனால் ஐடில் கூடினால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். விசையைத் தொடாமலேயே சங்கிலி ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த மிஷினைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடப்பவரின் தொடைக்கும் சங்கிலிக்கும் ஒரு சாண் இடைவெளிதான். இன்னொரு பக்கம், கசிந்து வரும் காற்றால் எஞ்சினுக்குள் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் சூடேறும்; சில வாரத்தில் இறுகிவிடும். திரும்பக் கொண்டுபோனால் "நீங்க எண்ணெய் சரியா கலக்கலை" என்பார்கள்.

அதனால் மிஷினைத் திரும்ப வாங்கும்போது கடை வாசலிலேயே சோதித்துவிடுங்கள். தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் பூட்ஸ் நுனியை ஊன்றிக் கிளப்பச் சொல்லுங்கள். கையில் தூக்கி, மிஷினைக் கீழே தள்ளியபடி கயிறு இழுப்பது சாமர்த்தியமாகத் தெரிந்தாலும் ஆபத்து. சூடேறியதும் விசையை விட வேண்டும்: சங்கிலி அசையக் கூடாது. வேகம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் உள்ள பிரேக் தகட்டை மணிக்கட்டால் தள்ள வேண்டும்: சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும்; நின்றதும் விசையை விட்டுவிடுங்கள். சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் அணைய வேண்டும். உள்ளங்கை பூட்டை அழுத்தாமல் விசை இறங்கக் கூடாது. அறுந்த சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் குச்சி அடியில் முழுதாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ரிப்பேர் முடியவில்லை, பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

பெரியப்பாவின் 070 போன்ற மிஷின்களில் சிக்கல் இதைவிட ஆழம். சங்கிலி பிரேக் செயின்சாக்களில் பரவியது 1970-களில். பழைய வடிவமைப்பில் வந்த பலவற்றில் அது கிடையவே கிடையாது. சங்கிலி ஓடும் பட்டையின் நுனி மேல்பாகம் மரத்தில் இடித்தால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும். நாம் சுதாரிக்கும் வேகத்துக்குள் அது முடிந்துவிடும். பிரேக் அங்கே தேவைப்படுவது அதனால்தான். அதிர்வைத் தாங்கும் ரப்பரும் பழையவற்றில் இருக்காது, அல்லது செத்திருக்கும். வருடக்கணக்கில் பிடித்தவர்களின் விரல் நுனிகள் குளிரில் வெளுத்து மரத்துப்போவது அதிர்வின் வேலை. இந்த மிஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து ஞாபகார்த்தமாக வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூலி கொடுத்து ஒருவர் கையில் அதைத் திணிப்பதில்தான் ஆட்சேபம்.

பணத்துக்கு வருவோம். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுது பார்ப்பதையும் ஒரு சேவையாகவே பார்க்கிறது. நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும், நியாயமான காலத்தில் முடித்திருக்க வேண்டும். முன்கூட்டியே விலை பேசாவிட்டாலும் நியாயமான தொகைக்கு மேல் நீங்கள் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். "ரிப்பேருக்குப் பிறகு கடை பொறுப்பல்ல" என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டை இந்த உத்தரவாதங்களை அழித்துவிடாது. வேலை சரியில்லை என்றால் முதலில் அதே கடைக்குத் திருத்த வாய்ப்பு கொடுக்க வேண்டும். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறு இடத்தில் சரிசெய்து அந்த நியாயமான செலவைக் கேட்கலாம்.

புது மிஷின் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பவரும் முயற்சி எடுக்க வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. "இதற்குப் பாகம் கிடைக்காது" என்று விற்கும்போதே தெரிவித்திருந்தால் அந்த உரிமை இல்லை. பெட்டியையும் ரசீதையும் படிக்காமல் போடாதீர்கள். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே இணையவாசல் திறந்தார்கள். விவசாயக் கருவிகளும் அதில் அடக்கம். நம் நாட்டில் அப்படித் தனி வாசல் இல்லாவிட்டாலும் சட்டத்தின் இந்தப் பிரிவு கையில் இருக்கிறது. போலிக் கார்புரேட்டரை அசல் பிராண்ட் என்று விற்றால் அது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளையில் புகார் கொடுக்கலாம்.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றவாளி ஆகிறார். ஒரு சிக்கல்: இந்தச் சட்டம் சொந்த உபயோகத்துக்கான பொருளையும் சேவையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டு மரம் வெட்ட வைத்திருந்த மிஷின் என்றால் பிரச்சினை இல்லை. மரம் வெட்டும் குத்தகைத் தொழிலுக்கான மிஷின் என்றால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியை நாடலாம். உச்சவரம்பு 5,000 வெள்ளி.

எங்கே போனாலும் காகிதம் கேட்பார்கள். மிஷினைத் திறப்பதற்கு முன்பே உத்தேசச் செலவை எழுதி வாங்குவது, வாட்ஸ்அப்பில் "இவ்வளவுக்கு மேல் போனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று ஒரு வரி அனுப்புவது, கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கேட்டு வாங்குவது, நீங்கள் கலந்த பெட்ரோலில் ஒரு சின்னப் பாட்டில் மூடி, பெயர் ஒட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைப்பது, இவையெல்லாம் கைகொடுக்கும். பிஸ்டன் படமும் இங்கேதான் உதவும். புகை போகும் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூடும் காற்றுக் கசிவும் சந்தேகத்துக்குரியவை. காற்று நுழையும் பக்கம் என்றால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கலாம். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி இரண்டு வரி எழுதி வாங்கினால் "எண்ணெய் கலக்கலை" என்ற வாதத்துக்குப் பதில் கிடைக்கும்.

கூலிக்கு மரம் வெட்டுபவர்களின் நிலை வேறு. வயதான பால் மரங்களை வெட்டி மூவார் மேசை நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் சங்கிலியில் கடைசிக் கண்ணி இவர்கள். பிரேக் இல்லாத மிஷினைக் கொடுத்து "இதை வெச்சு சமாளி தம்பி" என்று மண்டோர் சொல்லும்போது தம்பிக்கு வேறு வழி இல்லை என்றுதான் இருவருமே நினைக்கிறார்கள். வழி இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் ஆபத்து நீக்கப்படாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகலாம். பாதுகாப்புக் கடமையில் தவறும் முதலாளிக்கு அபராதம் 500,000 வெள்ளி வரை போகும். சட்டப்படி தர வேண்டிய ஹெல்மெட், காதடைப்பு, கால் கவசம் போன்றவற்றுக்குச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. காதடைப்பு அலங்காரம் அல்ல: 2019 இரைச்சல் விதிகள் நாள் சராசரிக்கு வைத்த எல்லை 85 டெசிபல், செயின்சா சாதாரணமாகவே நூறைத் தாண்டும்.

அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளாவது இருந்தால் தற்காலிக இயலாமைத் தொகையாகச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. சொந்தமாகக் குத்தகை எடுத்து வெட்டுபவர், "எனக்கு முதலாளி இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம். 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானே பதிந்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சந்தாவை அடிபடுவதற்கு முன்பு கட்டியிருக்க வேண்டும்; ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கட்ட முடியாது.