பென்னிகுவிக்: பெயரும் பொருளும்

லோயர் கேம்ப்பில் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மணிமண்டபம், பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய அணையை 1895 இல் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிற்கு உரியது. கம்பம் பள்ளத்தாக்கினர் அவர் பெயரைத் தம் மக்கட்கு இட்டு வழங்குகின்றனர். அப்பெயரின் பிறப்பை ஈண்டு ஆராய்வோம்.

இஃது அவர்தம் இயற்பெயரன்று, குடிப்பெயர். ஸ்காத்லாந்தில் எடின்பரோவிற்குத் தெற்கே அமைந்த ஓர் ஊரின் பெயரே குடிப்பெயராயிற்று. வெல்சு மொழிக்கு முற்பட்ட கெல்திய மொழியில் 'பென்' என்பது தலை அல்லது குன்று. 'கோக்' என்பது குயிலினப் பறவை. எனவே 'குயிற்குன்று' என்பதே பொருளாம். அவ்வூரார் நாவில் இது 'பெனிகுக்' என ஒலிக்கும்; நம்மவர் எழுத்துக்கூட்டலைக் கண்டு 'குவிக்' என்றனர்.

பொருளொப்புமை கண்டு, இதனைப் 'பெண்', 'குயில்' எனப் பிரித்துத் தமிழாக்க முனைதல் பிழையாம். பறவையின் கூவலைப் பின்பற்றிய சொற்கள் பல மொழிகளிலும் ஒத்தொலித்தல் இயல்பு. ஒலியொப்புமை ஒன்றே மொழியுறவிற்குச் சான்றாகாது.

ஊர்ப்பெயர் குடிப்பெயராகி, கம்பம் பள்ளத்தாக்கில் இயற்பெயராயிற்று. குயில் மறைந்தது, 'நீர் தந்தவர்' என்னும் பொருளே நின்றது. அப்பொருளை ஈந்தது வேர்ச்சொல் அன்று, மக்களின் நன்றியுணர்வே என்பது எம் துணிபு.