கப்பல் பதிவேடுகளை வாசிக்கும் முறை

கடற்சரித்திரம் என்றவுடன் யுத்தங்களும் தளபதிகளுமே முன்னால் வந்து நிற்பது இயல்பு. ஆயினும், பாய்க்கப்பல் காலத்து வாழ்வை உள்ளபடி அறிய ஆவல் கொண்டவர்கள், வெற்றி விருத்தாந்தங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மணிக்கு மணி காற்றின் திசையையும் கலத்தின் வேகத்தையும் கடமை தவறாது எழுதிவந்த கப்பல் அதிகாரிகளின் தினப்பதிவேடுகளையே முதலில் நாடவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் பதிவேடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. தேம்ஸ் நதியிலிருந்து புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, அக்காலத்தில் துறைமுகமற்றிருந்த சென்னைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்ட கலங்கள் பலவற்றின் பிரயாணங்கள் அவற்றில் அடங்கியிருக்கின்றன.

அவற்றை வாசிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நண்பகற் சூரியனின் உயரத்தை அளந்தே அட்சரேகையைக் கணித்தார்கள் ஆதலால், அம்மாலுமிகளுக்கு நாள் என்பது நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடிந்தது. பிற்பகல் முன்னும் முற்பகல் பின்னுமாக எழுதப்பட்ட அந்த ஏட்டில் ஜூலை 10 பிற்பகல் என்று கண்டிருப்பது, கரையிலிருந்தவர்களுக்கு ஜூலை 9 பிற்பகலே. பிரிட்டிஷ் கடற்படை இவ்வழக்கத்தை 1805இல்தான் கைவிட்டது. பஞ்சாங்க பேதமும் இதனோடு சேர்ந்துகொள்ளும்: சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயின் கப்பல்களை 1746இல் சிதறடித்த பெரும்புயல் பிரெஞ்சுக் கணக்கில் அக்டோபர் 13ஆம் தேதி இரவு வீசியது, 1752 வரை ஜூலியன் முறையை விடாதிருந்த ஆங்கிலேயருக்கோ அதே இரவு அக்டோபர் 2.

தீர்க்கரேகை விஷயம் இன்னும் சிக்கலானது. 1884இல் வாஷிங்டன் மகாநாடு கிரீன்விச்சை ஏற்கும்வரை, பாரிஸ், காடிஸ், தெனரீப் என்று தொடக்கக் கோடுகள் பலவாக இருந்தன. கடைசியாகக் கண்ணில் பட்ட நிலத்திலிருந்தே எண்ணியவர்களும் உண்டு. எங்கிருந்து எண்ணினார்கள் என்பதை அறியாமல் இன்றைய படத்தில் புள்ளி வைத்தால், கப்பலின் வழி நிலத்தின்மேல்கூடச் சென்றுவிடும்.

காற்றை அளக்கக் கருவியில்லை, சொற்களால்தான் குறித்தார்கள். பியூபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805ஆம் ஆண்டையொட்டி வகுத்த, 0 முதல் 12 வரையிலான அளவுமுறை பிரிட்டிஷ் கடற்படையில் கட்டாயமானது 1838இல்.

இத்தனை இடர்களையும் தாண்டி இவ்வேடுகளின் பெருமதிப்பை உணர்ந்தவர், விபத்தில் கால் ஊனமுற்றுக் கப்பற்பணியை இழந்த அமெரிக்கரான மாத்யூ மோரி. 1842இல் வாஷிங்டனில் கடற்படங்களின் பண்டகசாலைக்குத் தலைவரான அவர், அங்கே குவிந்துகிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் பிரித்தெடுத்து, 1847இல் வட அட்லாண்டிக் படத்தை வெளியிட்டார். தம் பிரயாணக் குறிப்புகளை அனுப்பிவைக்கும் மாலுமிகளுக்குப் படங்களை விலையின்றியே கொடுத்தார். கடமைக்காக எழுதி மறக்கப்பட்ட ஏடுகள் மறுபடி கடலோடிகளின் கைக்கே வழிகாட்டியாகத் திரும்பிச் சென்ற இந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம் என் மனம் பூரிக்கிறது.

இன்று அவை வேறொரு சேவையும் செய்கின்றன. 1750 முதல் 1850 வரையிலான பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியப் பதிவேடுகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒன்றுதிரட்டி, அக்காலச் சீதோஷ்ணத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். 2010இல் தொடங்கிய மற்றொரு முயற்சியில், முதல் உலக யுத்த காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் கையெழுத்தேடுகளைப் பொதுமக்களே வாசித்துப் படியெடுத்தார்கள். நம் நாட்டுக்கும் இவை உதவும்: வானிலையையும் குறித்துவந்த கம்பெனியின் வானாராய்ச்சி நிலையம் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்தது 1792இல். அதற்கு முந்தைய நம் கரையோரப் புயல்களைப் பற்றி விசாரிக்கப் புகுகிறவருக்கும், சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டு நின்ற அம்மாலுமிகளின் ஏடுகள் முக்கியமான சாட்சியங்களாகும்.