ஏட்டுப் பிரதியும் லினக்ஸும்

அச்சு யந்திரம் வருமுன் நம் முன்னோர் நூல்களை ஏட்டில் எழுதிப் பேணினர். ஏடு உடையோர் இருதிறத்தினர். கேட்டவர்க்கு ஈந்து படியெடுக்க விட்டோர் ஒருதிறத்தினர். பெட்டகத்துட் பூட்டிச் செல்லுக்கு இரையாக்கினோர் மற்றொரு திறத்தினர். படியெடுக்கப்பட்ட நூல் பிழைத்தது. படியெடுக்கப்படாத நூல் மாய்ந்தது. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுப் பிரதிகளைத் தேடி அலைந்த வரலாற்றைத் தமிழ் மாணவர் நன்கறிவர். இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும் என்பதே ஈண்டு யான் சொல்லப் புகுந்தது.

கணினியின் உறுப்புக்களை எல்லாம் ஆட்சி செய்யும் மென்பொருளை நம் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என வழங்கும். தமிழ்நாட்டார் 'இயங்குதளம்' என்பர். பலரும் அறிந்த விண்டோஸ் அத்தகையது. அதன் மூலநிரல் பூட்டிய பெட்டகத்து ஏடு போன்றது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்போ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புறுப்பை வேண்டி நிற்பது. அஃதில்லாக் கணினிகள், பழுதொன்றும் இல்லாதிருந்தும், கழிக்கத்தக்கன ஆயின. என் வீட்டுக் கணினியும் அவற்றுள் ஒன்று. புதியதொன்றை வாங்குதல் ஆசிரியன் ஒருவனுக்கு எளிதன்று.

ஆதலின் லினக்ஸை நாடினேன். யாவரும் இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிய முறைமையொன்று வேண்டுமென 1983இல் றிச்சட் ஸ்டோல்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் கூடி உருவாயதே இன்று நாம் லினக்ஸ் என்பது. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ற் என அதற்கு வழக்கிலுள்ள பதிப்புக்கள் பல.

யான் தேர்ந்தது மின்ற். நினைவகம் 2 ஜிகாபைற் இருப்பினும் அஃது இயங்கும்; 4 இருப்பின் நன்று. வன்றட்டில் 20 ஜிகாபைற் இடமேனும் வேண்டும். முதற்கண் என் கோப்புக்களை எல்லாம் வெளிவட்டு ஒன்றிற் படியெடுத்து வைத்தேன். பின் மின்ற் கோப்பைப் பதிவிறக்கி, அதற்கென வெளியிடப்பட்ட 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியுடன் ஒப்புநோக்கினேன். கோப்பில் ஒரு சிறுகூறு பிறழினும் அக்குறி முற்றாக மாறிவிடும். பாடபேதம் காண்பார்க்கு இதனினும் உவப்பான கருவி ஏது?

அக்கோப்பைப் பென் டிரைவில் உரிய நிரல்கொண்டு எழுதி, கணினியை மீளத் தொடக்கி, எஃப் 12 விசையை அழுத்தி, அதிலிருந்தே இயங்கச் செய்தேன். (விசை கணினிக்குக் கணினி வேறுபடும்.) வன்றட்டைத் தீண்டாமலே மின்றை இவ்வாறு இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி யாவும் இசைகின்றனவா என அறிந்த பின்னரே நிறுவத் தொடங்கினேன். விண்டோஸை அருகில் வைத்திருப்பதா, வன்றட்டை முழுதும் அழிப்பதா என ஒரு வினா எழும். நின்று எண்ணற்குரிய இடம் அதுவே. யான் அழிக்கத் துணிந்தேன். அரைமணி நேரத்தளவில் வேலை முற்றிற்று.

என் கவலையெல்லாம் தமிழ்பற்றியதே. இருபதாண்டுப் பாடக்குறிப்புக்கள் 'பாமினி' எழுத்துருவில் இருந்தன. அவ்வெழுத்துரு இல்லாதவிடத்து அவை உரோம எழுத்துக் குவியலாகவே தோன்றும். எழுத்துருக் கோப்பை உரிய இடத்தில் வைத்ததும் லிபரே ஒபிஸில் தமிழ் மீண்டது. எனினும் அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி வருகின்றேன். ஓர் எழுத்துருவை நம்பிக் கிடக்கும் தமிழ், ஓர் ஏட்டை நம்பிக் கிடக்கும் நூலே. 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டு நிரல்கொண்டு தமிழ் 99 விசைப்பலகையில் எழுதுகின்றேன்.

குறையும் உண்டு. விண்டோஸுக்கெனச் செய்த நிரல்கள் சில இதில் இயங்கா; சில அச்சுப்பொறிகள் இசையா. அவற்றையே நம்பித் தொழில் செய்வோர் அவசரப்படற்க.

ஆயினும் ஆசிரியர் கருதற்பாலது மற்றொன்றுண்டு. திருட்டுப் பிரதியில் மாணவனைப் பழக்கிவிட்டு நேர்மையைப் போதித்தல் எங்ஙனம் பொருந்தும்? இங்கோ பிரதி வழங்குதலே அறம். அன்றியும், திரையில் தோன்றும் தமிழ்ச் சொற்கள் பல தன்னார்வலர் பெயர்த்தவை. அவற்றிற் சந்திப் பிழை காணின், பொருந்தாக் கலைச்சொல் காணின், முறையிட்டுக்கொண்டு இருத்தல் வேண்டா, திருத்தி அனுப்பலாம். என் மாணவர் இருவர் அத்தகைய சொற்களைப் பட்டியலிடத் தொடங்கியுள்ளனர். பண்டிதர்க்கும் இதில் வேலை மிக உண்டு.