தீவனத் தொட்டி – 9: ஒரு டன்னில் கால் கிலோ

பதினைந்து இருபது நாள் குஞ்சு ஒன்று கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே இருக்கும். மற்றவை தீவனத்துக்கு ஓடும்போது அது மட்டும் இறக்கையை ஊன்றி ஊன்றி நகரும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும், கணுக்கால் மூட்டு வீங்கித் தட்டையாக இருக்கும். மூட்டின் பின்புறத்தை விரலால் தடவினால், நடுப்பள்ளத்தில் ஓட வேண்டிய தடித்த தசைநாண் பக்கவாட்டில் நழுவிக் கிடப்பது தெரியும். தள்ளி இடத்தில் வைத்தாலும் நிற்காது. தண்ணீர் நிப்பிளுக்கு எட்ட முடியாத அந்தக் குஞ்சு பெரும்பாலும் தாகத்தாலும் பசியாலும்தான் சாகும்.

இதற்குப் பெரோசிஸ் என்று பெயர். அமெரிக்காவில் கோழிகளை முற்றத்திலிருந்து கொட்டகைக்குள்ளும் கம்பிக் கூண்டுக்குள்ளும் கொண்டுவந்த காலத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது. எலும்பு நோய்தானே என்று பார்த்தால், தீவனத்தில் சுண்ணாம்பும் பாஸ்பரசும் கூடக்கூட நோயும் கூடியது. அரிசித் தவிடு சேர்த்தால் குறைந்தது, ஏன் என்றுதான் விளங்கவில்லை. 1936-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்கஸ், நாரிஸ், ஹியூசர் மூவரும் விடையைக் கண்டார்கள்: மாங்கனீசு. எலும்பாக மாற வேண்டிய குருத்தெலும்பு சரியாக உருவாக இந்த உலோகம் வேண்டும். தவிட்டில் அது நிறைய உண்டு. மக்காச்சோளத்தில் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம்கூட இல்லை.

நம் ஊர்க் கறிக்கோழி தின்பதும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும்தான். மண்ணைக் கிளறித் தின்ற கோழிக்கு மண்ணும் தவிடும் பூச்சியும் கொடுத்ததை, தென்னைநார்க் கழிவின் மேல் வளரும் கோழிக்குத் தீவன ஆலைதான் கொடுத்தாக வேண்டும். துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், இரும்பு, அயோடின், செலினியம் என்று ஆறு. இவற்றையே நுண் தாதுக்கள் என்கிறோம்.

அளவைப் பாருங்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-இல் வெளியிட்ட பட்டியலில் கறிக்கோழிக்குத் தேவையான துத்தநாகம் தீவனக் கிலோவுக்கு 40 மில்லிகிராம், மாங்கனீசு 60, தாமிரம் 8, செலினியம் 0.15. ராஸ் 308 இனத்துக்கு அதை உருவாக்கிய நிறுவனம் தரும் இப்போதைய பரிந்துரையோ துத்தநாகம் 110, மாங்கனீசு 120, தாமிரம் 16, செலினியம் 0.30. வேகமாக வளரும் இனம் என்பதும், குறைந்துவிடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்து ஏற்றிய அளவு இது. நம் கணக்குக்கு நடுவாக 80 மில்லிகிராம் துத்தநாகம் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் தீவனத்துக்கு 80 கிராம். ஒற்றை நீர் துத்தநாக சல்பேட்டில் உலோகம் ஏறத்தாழ 35 விழுக்காடு என்பதால், போட வேண்டிய பொடி கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. செலினியத்துக்கு இன்னும் கடுமை. சோடியம் செலினைட் டன்னுக்கு ஒரு கிராம்கூட வேண்டாம். அளவு தவறினால் நஞ்சு, கையாளும் தொழிலாளிக்கும் ஆபத்து. அதனால்தான் அதை முன்பே சுண்ணாம்புத் தூளில் கலந்து நீர்த்த நிலையில் வாங்குகிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக ஆலைகள் போட்டுவருவது இந்த உப்புகளைத்தான். துத்தநாக சல்பேட், துத்தநாக ஆக்சைடு, மாங்கனீசு சல்பேட், மயில்துத்தம், அன்னபேதி. இவை கனிம வகை. மலிவு, எங்கும் கிடைக்கும், தாது எவ்வளவு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கோழியின் குடலுக்குள் இவை படும் பாடுதான் சிக்கல்.

இரைப்பையின் அமிலத்தில் சல்பேட் நன்றாகக் கரையும். உலோகம் தனி அயனியாக விடுபடும். அங்கிருந்து சிறுகுடலுக்குள் இறங்கியதும் அமிலம் தணிகிறது. அங்கே காத்திருப்பது சென்ற வாரம் பார்த்த ஃபைட்டேட். தானியமும் சோயாவும் பாஸ்பரசைச் சேமித்து வைத்திருக்கும் அந்தப் பொருள், கையில் கிடைத்த துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத வண்டலாகிவிடும். தீவனத்தில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் மூன்றும் சேர்ந்து இன்னும் இறுகும். மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஓடெல் குழுவினர் 1958-இல் வளரும் குஞ்சுக்குத் துத்தநாகம் ஏன் தேவை என்பதைக் காட்டினார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின், ஃபைட்டிக் அமிலம் அந்தத் துத்தநாகத்தைக் குஞ்சுக்குக் கிடைக்காமல் செய்வதையும் ஓடெல் நிறுவினார். மாங்கனீசின் நிலை இதைவிட மோசம். தின்றதில் சில விழுக்காடே உடலுக்குள் நுழைகிறது.

கரிம வகைத் தாது இந்த இடத்துக்குத்தான் வருகிறது. இயற்கை வேளாண்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. உலோகத்தை மெத்தியோனின், கிளைசின் போன்ற அமினோ அமிலத்தோடோ, நொதித்துச் சிதைத்த சோயாப் புரதத்தோடோ வேதிப்பிணைப்பில் கட்டிவைத்த பொருள் இது. சீலேட் என்று வணிகர்கள் சொல்வது இதைத்தான். செலினியத்துக்கு மட்டும் வழி வேறு: செலினியம் ஊட்டி வளர்த்த ஈஸ்ட். கட்டிவைத்த உலோகத்தை ஃபைட்டேட் எளிதில் பறிக்க முடியாது, குடல்சுவர்வரை போய்ச் சேரும் என்பதுதான் கருத்து.

கருத்து சரியா? 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வெடகைண்ட், ஹார்ட்டின், பேக்கர் செய்த சோதனையை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. குஞ்சுகளின் கால் எலும்பில் எவ்வளவு துத்தநாகம் சேர்ந்தது என்று அளந்தார்கள். சல்பேட்டுக்கு 100 மதிப்பெண் என்றால் ஆக்சைடுக்கு 61. துத்தநாக மெத்தியோனினுக்கு, ஃபைட்டேட் இல்லாத தூய தீவனத்தில் 117; சோயாப் புரதத் தீவனத்தில் 177; மக்காச்சோளம் – சோயா தீவனத்தில் 206. தடை கூடக்கூடக் கட்டிவைத்த உலோகத்தின் மேன்மையும் கூடியது. விற்பனைப் பிரதிநிதிகள் கடைசி எண்ணை மட்டும் காட்டுவார்கள். எனக்கு மூன்று எண்களின் ஏறுவரிசைதான் முக்கியம். தடையைக் குறைத்தால் சல்பேட்டும் பிழைக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

எல்லாச் சோதனையும் இப்படிச் சொல்லவில்லை. புளோரிடா பல்கலைக்கழகம் 2000-இல் சந்தையில் இருந்த பல கரிமத் துத்தநாகப் பொருள்களை ஒப்பிட்டபோது சிலவே சல்பேட்டை மிஞ்சின, மற்றவை ஏறக்குறைய அதே தரம். காரணம் கட்டின் வலிமை. கட்டு தளர்வாக இருந்தால் இரைப்பை அமிலத்திலேயே அவிழ்ந்துவிடும். பிறகு அதுவும் சல்பேட்டும் ஒன்று. கட்டு மிகவும் இறுகியிருந்தால் உடலுக்கு உதவாமல் எச்சத்தோடு போய்விடும். சீன வேளாண் அறிவியல் அகாதமியில் லுவோ ஷூகாங் குழு மாங்கனீசையும் துத்தநாகத்தையும் வைத்து நடத்திய தொடர் ஆய்வுகளில், நடுத்தரமான கட்டுவலிமை கொண்டவையே நன்றாக வேலை செய்தன. சீலேட் என்ற பெயர் மட்டும் எதையும் உறுதி செய்யாது.

நம் பண்ணைகளில் அடிக்கடி நடக்கும் ஒப்பீட்டையும் சொல்லியாக வேண்டும். ஒரு கொட்டகைக்கு 80 மில்லிகிராம் சல்பேட் துத்தநாகம், பக்கத்துக் கொட்டகைக்கு 80 மில்லிகிராம் கரிமத் துத்தநாகம். நாற்பது நாள் கழித்து எடை போடுவார்கள். வித்தியாசம் இருக்காது. ‘ஆர்கானிக் மினரல் வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். தேவைக்கு மேல் கொடுத்த இடத்தில் எதை ஊற்றினாலும் நிறைந்த குடத்தில் ஊற்றியதுதான். தேவைக்குக் கீழே அல்லது அதை ஒட்டி அளவைக் குறைத்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். எடையை மட்டும் பார்த்தாலும் போதாது. கால் எலும்பின் சாம்பல், பாதப் புண், தோல் கிழிசல் ஆகியவற்றில்தான் குறைபாடு முதலில் தெரியும்.

அளவைக் குறைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ், சோக்ட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கரிம வடிவில் தாமிரம் 4 மில்லிகிராமும் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் தலா 40 மில்லிகிராமும் சேர்த்தாலே 29 நாள்வரை குஞ்சு இயல்பாக வளரப் போதும் என்று கண்டார்கள். கரிமத் தாதுவின் உண்மையான பயன் இதுதான் என்பது என் துணிபு. குறைவாகப் போட்டு அதே வேலையை வாங்கலாம். சல்பேட்டை முழு அளவில் போட்டுவிட்டு அதன் தலையில் கரிமத்தையும் கொட்டுவது காசைக் கரைப்பது. அப்படிச் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. தீவன மூட்டையில் அச்சிட ஒரு வரி கிடைக்கிறது, அவ்வளவே.

விலையும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு கிராம் உலோகத்தின் விலை என்று பார்த்தால் கரிமம் சல்பேட்டைப் போலப் பல மடங்கு. பாதி அளவு போட்டாலும் செலவு கூடும். ஆகவே எங்கே போடுவது என்று தேர்ந்துதான் போட வேண்டும். என்னிடம் கேட்டால் முதல் இடம் தாய்க்கோழிக்கு. அவள் முட்டையில் வைப்பதுதான் குஞ்சின் முதல் கையிருப்பு. செலினியம் ஈஸ்ட்டில் இருக்கும் செலினோமெத்தியோனின் முட்டையிலும் தசையிலும் நன்றாகப் படியும், செலினைட் அப்படிப் படியாது. இரண்டாவது இடம் முதல் பத்து பதினான்கு நாள் ப்ரீ-ஸ்டார்ட்டர் தீவனத்துக்கு. எலும்பின் அடித்தளம் போடும் நாள்கள் அவை, குஞ்சு தின்னும் தீவனமும் கொஞ்சம். ஃபினிஷரில் நல்ல சல்பேட்டே போதும். ஃபைட்டேட்டை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி சரியான அளவில் இருக்க வேண்டும், சுண்ணாம்புத்தூளை மலிவு என்று கூடுதலாகத் தள்ளாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத ஆலை எவ்வளவு விலை கொடுத்துச் சீலேட் வாங்கினாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

சல்பேட் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. மழைக்காலத்தில் ப்ரீமிக்ஸ் சாக்கைப் பிரித்துப் பாருங்கள். மயில்துத்தம் ஈரம் கோத்துக் கட்டியாகி நீலப் புள்ளிகளாகத் தெரியும். பச்சையாக இருக்க வேண்டிய அன்னபேதி துருப்பிடித்துப் பழுப்பாகியிருக்கும். அதே சாக்கில் வைட்டமினும் கோலின் குளோரைடும் இருந்தால், அந்த ஈரமும் உலோகமும் சேர்ந்து வைட்டமினைச் சிதைத்துவிடும். வைட்டமினைத் தனிச் சாக்கிலும் தாதுவைத் தனிச் சாக்கிலும் வைப்பது செலவில்லாத மருந்து.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கம் கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த விவசாயிகள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், ஆள்கூலி, ராத்திரித் தூக்கம் விவசாயியுடையவை. தீவனத்தில் எந்தத் தாது, எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் கால் விழுந்த குஞ்சும், கூடிப்போன எஃப்.சி.ஆரும் (ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனம்) அவருடைய வளர்ப்புக் கூலியில்தான் கழிகின்றன. கால் நோய்க்குக் கிருமி, வைரஸ், இனத்தின் வேகம், ஈரத் தரை என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் தீவனத்தின் மேல் போட முடியாது. அதனாலேயே தீவனத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தானே ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க முடியும்? மூட்டையின் மேல் துத்தநாகம் இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு, இன்ன வடிவில் என்று அச்சிடுவது பெரிய செலவில்லை. வளர்ப்பவருக்கு அது உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வழக்கமான உலோகப் பரிசோதனை மொத்தத் துத்தநாகத்தைத்தான் காட்டும். அது சல்பேட்டாக வந்ததா, சீலேட்டாக வந்ததா என்று சொல்லாது. சல்பேட்டையும் கிளைசின் பொடியையும் சும்மா கலந்து சீலேட் என்று விற்றாலும் அந்த எண் மாறாது. ஆகவே வாங்கும் ஆலை, உலோகம் எத்தனை பங்கு உண்மையில் பிணைந்திருக்கிறது என்ற ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி எரு. கரிமத் தாதுவை ஆதரிப்பவர்கள் கடைசியாக எடுக்கும் வாதம் சுற்றுச்சூழல். ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கோழித் தீவனத்தின் மொத்தத் துத்தநாக வரம்பை 150-லிருந்து 120 மில்லிகிராமாகக் குறைத்தது. எரு குவிந்த நெதர்லாந்து போன்ற நாடுகளுக்கு அது அவசரம். நமக்கு? ஐயாயிரம் கோழிக் கொட்டகை ஒன்றைக் கணக்கிடுவோம். கோழிக்கு மூன்றரைக் கிலோ தீவனம் என்றால் ஒரு பேட்ச்சுக்கு 17.5 டன். சேர்த்த துத்தநாகம் 1.4 கிலோ. வருடத்துக்கு ஆறு பேட்ச் என்றால் 8.4 கிலோ. கோழியின் உடம்பில் தங்குவதை மூலப்பொருளில் இருக்கும் இயல்பான துத்தநாகமே ஈடுகட்டிவிடும். ஆக, சேர்த்த அளவு ஏறத்தாழ அப்படியே எருவில் இருக்கிறது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதில் உலோகம் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். கொட்டகையின் ஓராண்டு எரு நாலு ஏக்கருக்கான துத்தநாகத்தைச் சுமக்கிறது. துத்தநாகக் குறை மண் பரவலாக உள்ள நம் மாநிலத்தில், எரு பல வயல்களுக்குப் பிரிந்து போகும்வரை அது வரவுதான். கொட்டகையை ஒட்டிய ஒரே தென்னந்தோப்பில் வருடாவருடம் கொட்டினால் கணக்கு தலைகீழாகும்.

தாமிரத்தில் நான் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். வளர்ச்சி ஊக்கியாக டன்னுக்கு அரைக் கிலோ மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. கிலோவுக்கு 125 மில்லிகிராம் தாமிரம், அதாவது தேவையைப் போலப் பதினைந்து மடங்கு. அதே கொட்டகையின் எரு வருடத்துக்குப் பதின்மூன்று கிலோ தாமிரத்தை மண்ணில் சேர்க்கும். பயிர் எடுப்பது மிகச் சொற்பம், மிச்சம் மண்ணிலேயே தங்கும். செம்மறியாடு தாமிரத்தைக் கல்லீரலில் சேர்த்துவைத்துக்கொண்டு ஒருநாள் திடீரென்று சாகும் பிராணி. கோழி எருவைத் தீவனத்தில் கலந்து தின்னக் கொடுத்த மந்தைகளில் அப்படிச் சாவு நடந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. கொங்குப் பகுதியில் கொட்டகைக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு வேலிதான். எரு வாங்குபவரிடம் ‘இதை ஆட்டுக்குக் காட்டாதீர்கள்’ என்று சொல்லியே கொடுங்கள்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு – ஈரப்பதமானி காட்டாதவை