மூக்குக்குள் ஒரு பஞ்சர் ஒட்டு

'மண்டையைத் திறக்காமல், தழும்பே இல்லாமல், மூக்கு வழியாகவே மூளைக் கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார்களே, நிஜமா?' என்று ஒரகடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். நிஜம்தான். ஆனால் விளம்பரங்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகின்றன.

மூக்கு வழி புதிதல்ல. ஆஸ்திரியாவில் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் 1907-லேயே மூக்கை வெட்டித் திறந்து பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை எடுத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

கட்டி போன பிறகு மண்டையோட்டின் அடியில் ஓட்டை நிற்கிறதே, அதுதான் பெரிய பாடு. மேலே மூளையைச் சூழ்ந்த நீர். தினமும் அரை லிட்டர் ஊறிக்கொண்டே இருக்கும். கீழே கிருமிகள் குடியிருக்கும் மூக்கு. ஒழுகினால் மூளைக்காய்ச்சல் வரலாம்.

இதற்கு அர்ஜென்டினாவின் மருத்துவர்கள் ஹதாத், பசகைஸ்டேகி இருவரும் கண்ட வழி 2006-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவக் குழுவோடு சேர்ந்து வெளியானது. டயர் ஆலை இருக்கும் ஒரகடத்துக்காரருக்குப் பஞ்சர் கடையை வைத்தே சொல்லலாம். ட்யூபை அரத்தால் தேய்ப்பதுபோல, ஓட்டையைச் சுற்றியுள்ள எலும்பிலிருந்து சவ்வைச் சுரண்டி எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒட்டு பிடிக்காது. சொல்யூஷனுக்குப் பதில் ஃபைப்ரின் பசை. ஒட்டின இடத்தை வெளியிலிருந்து டயர் அழுத்திப் பிடிக்கிறதல்லவா, அந்த வேலையைச் சில நாட்களுக்கு மூக்கில் அடைத்த பஞ்சோ சின்ன பலூனோ செய்யும். ஆனால் ரப்பர் துண்டு உயிரில்லாதது. இந்த ஒட்டு, மூக்கின் நடுச்சுவரிலிருந்து உரித்த சவ்வு. மூன்று பக்கம் அறுத்து, ரத்தக்குழாய் நுழையும் பின்பக்கத்தை மட்டும் காம்பாக விட்டுவிடுகிறார்கள். ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் அது சில வாரங்களில் அந்த இடத்தோடு சதையாகவே சேர்ந்துவிடுகிறது. என்ன அழகான யோசனை! பெரிய ஓட்டைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒழுகிக்கொண்டிருந்தது, இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைந்தது.

சவ்வை முதலிலேயே உரித்துத் தொண்டைப் பக்கம் ஒதுக்கி வைத்தாக வேண்டும். எலும்பைக் குடைந்தபின் நினைவு வந்தால், காம்பின் ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம்.

எல்லாக் கட்டிக்கும் மூக்கு வழி சரிப்படாது. பார்வை நரம்புக்கும் கழுத்திலிருந்து ஏறும் பெரிய தமனிக்கும் வெளிப்புறம் படர்ந்தவற்றை மூக்கு வழியே தொடுவது ஆபத்து. கேள்வி நரம்புக் கட்டிக்குப் பெரும்பாலும் காதுக்குப் பின்னால்தான் திறக்க வேண்டும். அங்கே தழும்பு வரும், வரட்டும்.

மூக்கு வழி அறுவை முடிந்தவர்கள் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.